ஜோர்டானுக்கு முன்னால் மணமேல்குடி

ஜோர்டான் போவதற்குத் திட்டம் போட்ட அந்த வாரம் முழுக்க ராத்திரிக்கு ராத்திரி நான் சொந்த வீட்டில்தான் படுத்தேன். என்னோடு வரவேண்டிய சம்பந்தியம்மாவும் அதே வீட்டில்தான் படுத்தார். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை எட்டு நாளும் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரவில் ஊர் எல்லைக்குள் வந்து அடைந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லும். முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் பாடம் எடுத்த நான்தான் தேதியில் கோட்டை விட்டேன்.

விசா, டிக்கெட், எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்பதையெல்லாம் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். அதையெல்லாம் என் மகன் கதிர் பார்த்துக்கொள்கிறான். அவன் அங்கே சாக்கடல் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். மருமகள் ஜெனிபர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடமாகிறது. அந்த இரண்டு வருடமும் நான் மகன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. போனில் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதோடு சரி.

பங்குனி பிறந்ததும் அவனாகவே கூப்பிட்டான். “அம்மா, நீயும் அத்தையும் சேந்து வாங்க. ஆரம்ப காலத்துக் கிறிஸ்தவங்க இருந்த எடமெல்லாம் இங்கதான் இருக்கு. அத்தைக்கு அதையெல்லாம் பாக்கணும்னு உசுரு. ஒனக்குச் சரித்திரம்னா சோறு வேணாம். ரெண்டு பேரும் வாரதுன்னா நான் லீவு கேக்குறேன். ஒருத்தர் மட்டும்னா வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு.”

நான் மட்டும் என்றால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். அவன் மாமியாரோடு சேர்ந்து என்றதுதான் தொண்டையில் மாட்டியது. கல்யாணச் சேதி வந்த அன்று நான் முதல் வேலையாக மணமேல்குடிக்குப் போன் போட்டு, ஜெனிபரின் அம்மா ஆரோக்கியமேரியிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். “ஒங்க வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன். ஒங்க வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது” என்று முடித்தேன்.  அவர், “சரிங்க டீச்சரம்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மதம் வேறு என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் என்னை உறுத்தியது அது கருவாடு விற்கிற வீடு என்பதுதான். இதை எழுதும்போது கை கூசுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறந்திருப்பார் என்று நானாக வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது, வீட்டிலும் கிடையாது. போன் போட்டு, “ஞாயித்துக்கெழம வாங்க, உக்காந்து பிளான் போடுவோம்” என்றேன். அதற்கும் “சரிங்க டீச்சரம்மா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் நீல நிறத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். கூடத்தில் ஜோர்டான் வரைபடத்தை விரித்து நான் பாடத்தை ஆரம்பித்த அரை மணி நேரத்தில் கோயில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது.

“என்னங்க இது, செவ்வாக்கெழமதானே காப்பு?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“நாள் சரியில்லன்னு இன்னைக்கே மாத்திட்டாங்க. மைக் செட்டுல ரெண்டு நாளா கத்துனாங்களே. நீ அந்த மேப்புக்குள்ள தலைய விட்டுட்டு இருந்த.”

ஆறு மணி பஸ்ஸுக்குச் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடம் கோயிலுக்கு நேர் எதிரே. பூசாரி காப்புக் கட்டிய கையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டார்.

“டீச்சர், சம்மந்தியம்மா எங்கிட்டுப் போறாக?”

“ஊருக்குத்தான். நாளு மாறுனது எனக்குத் தெரியாது. அவங்க வேதக்காரங்க, விட்டுருங்க” என்றேன்.

“காப்புக் கட்டையில எல்லைக்குள்ள நின்னவுக எல்லாரும் ஆத்தாவுக்குக் கட்டுப்பட்டவுகதான். பகல்ல போயிட்டு வரட்டும். ராத்திரிக்கு இங்கிட்டு வந்துரணும். நான் சொல்றதச் சொல்லிட்டேன்.”

எனக்கு வந்ததே கோபம். சட்டம், அரசியல் சாசனம் என்று எடுத்துவிட வாயைத் திறந்தேன். ஆரோக்கியமேரி என் முழங்கையைத் தொட்டார்.

“இருக்கேன் டீச்சரம்மா. எங்க ஊர்லயும் கொடியேத்திட்டா தேரு முடியிற வரைக்கும் நாங்க வெளியூர்ல தங்க மாட்டோம். சாமி வேற, மொறை ஒண்ணுதானே.” பிறகு பூசாரியைப் பார்த்து, “எட்டு நாளைக்கு மாத்துச்சேலை மட்டும் இல்ல சாமி” என்றார். பூசாரி சிரித்துவிட்டார். அன்றைக்கு என் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் அவர் படுத்தார். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து சம்பந்தி வீட்டுக்கு முதல் வருகை இப்படி அமைந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து இடங்களை வரிசையாக எழுதினேன். மதபா, நெபோ மலை, ஜெராஷ், யோர்தான் ஆற்றங்கரை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எத்தனை படி, உட்கார நிழல் உண்டா என்றெல்லாம் கட்டம் போட்டேன். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

“எனக்கு அந்த ஆத்துல காலு நனைக்கணும். மத்ததெல்லாம் நீங்க பாத்துச் செய்ங்க.”

“அப்படியெல்லாம் போகக் கூடாது. எதப் பாக்குறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்” என்று நான் படித்ததைச் சொன்னேன். முதல் முதலில் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கோயில் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், சாமி கும்பிடுவார்கள். அந்த மாதிரி வீடுகள்தான் பிறகு கோயிலாயின.

“அப்ப சோறு போட்ட வீடுதான் கோயிலா?” என்றார். நான் சொன்னதைவிட அது சுருக்கமாக இருந்தது.

போனில் மதபா படத்தைக் காட்டினேன். அந்த ஊர்க் கோயிலின் தரையில் சின்னச் சின்ன வண்ணக் கல் பதித்து அந்தத் தேசம் முழுவதையும் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழசு. ஊர்களின் பெயரை நான் வாசித்துக்கொண்டே போக, அவர் விரலை வைத்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“இந்த மீன பாருங்க டீச்சரம்மா. தலைய எங்கிட்டு வச்சிருக்கு பாருங்க.”

யோர்தான் ஆறு சாக்கடலில் விழுகிற இடத்தில் ஒரு மீன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேல் நோக்கி நீந்துகிறது. அந்தப் படத்தை நான் இருபது தடவை பார்த்திருக்கிறேன். மீனைப் பார்க்கவில்லை.

“அங்கிட்டு உப்பு சாஸ்தி. போனா செத்துரும்னு திரும்பி வருது. இந்தக் கல்லப் பதிச்சவன் மீனப் பாத்து வளந்தவன்” என்றார். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன். சொன்னவர் பெயரைப் போடவில்லை.

காப்பு வாரத்தில் கவிச்சி கிடையாது. மூன்று வேளையும் காய்கறிதான். புளிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு. ஆனா எட்டு நாள் மீன் வாசன இல்லன்னா என் மூக்கு என்னைய விட்டு ஓடிரும்” என்றார். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தி தன் நீல பாட்டிலை எடுத்துக் குடித்தார். தீர்ந்ததும் தெருக்குழாய்க்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“அடுக்களையில பானைத் தண்ணி இருக்கே. ஜில்லுனு இருக்கும்” என்றேன்.

“இருக்கட்டும் டீச்சரம்மா. பாட்டில் பழகிருச்சு.”

செவ்வாய்க்கிழமை ஷூ வாங்கப் புதுக்கோட்டை டவுனுக்குப் போனோம். அங்கெல்லாம் கல்லும் சரிவுமாக இருக்கும், செருப்பு சரிவராது என்று கதிர் சொல்லியிருந்தான். கீழராஜ வீதியில் ஏறி இறங்காத கடை இல்லை. சம்பந்தி பிறந்ததிலிருந்து காலில் ரப்பர் செருப்புக்கு மேல் எதுவும் போட்டதில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு அடி வைத்துவிட்டு, “தரை எங்க இருக்குன்னே தெரியலையே” என்றார். கடைக்காரப் பையன், “நடந்தாச் சரியாயிரும்மா” என்றான். “நீ போட்டு நட, நான் ஒன் செருப்பப் போட்டுக்கிறேன்” என்றார்.

சாயங்காலம் கண்மாய்க்கரையில் நடைப் பயிற்சி. சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இன்னொருவரிடம் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. “சம்மந்திக்கும் சம்மந்திக்கும் பந்தயமாம்.” நான் விறைப்பாகத் தாண்டிப் போனேன். சம்பந்தி நின்று, “ஆமா, செயிச்சவுகளுக்கு ஒங்க கெடா” என்றார்.

புதன்கிழமை சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது. காலில் கொப்புளத்துக்கு மருந்து போட்டோம்.

வியாழக்கிழமை ஒத்திகை வைத்தேன். ஒரு பழைய கோயிலைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? நம் மாவட்டத்தில் பழசு என்றால் ஆவூர் மாதா கோயில். ஆதி காலத்துக் கோயில் இல்லைதான். ஆனால் புகைவண்டி, தார்ரோடு எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே கடல் தாண்டி வந்த பாதிரிமார்கள் தங்கியிருந்த ஊர். குளத்தூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்றார்கள். அந்த பஸ் வரவேயில்லை.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஷூவை வெகு நேரம் பார்த்துவிட்டு, “எங்கிட்டுப் போகணும்?” என்று கேட்டார். சம்பந்தி என்ன நினைப்பில் இருந்தாரோ, “ஜோர்டானு” என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் யோசித்தார். “அந்த பஸ்ஸு இங்கன நிக்காதே. கீரனூர் போயித்தான் ஏறணும்” என்றார்.

சம்பந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அவரும் நானும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஷேர் ஆட்டோ ஒன்று கிடைத்து, அதில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து ஆவூர் போய்ச் சேர்ந்தோம்.

சுற்றிலும் காய்ந்த பொட்டல். நடுவில் அவ்வளவு பெரிய கோயில். உள்ளே நுழைந்ததும் வெயில் வெளியே நின்றுவிட்டது. தடித்த சுவர், உயரமான கூரை, ஒரே அமைதி. எங்கள் அம்மன் கோயிலில் மணியும் கொட்டும் இல்லாமல் சாமி இருப்பதே தெரியாது. இங்கே ஒரு அம்மா பெருக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு குடும்பம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பிள்ளைக்குக் காது குத்துவது எப்போது என்று பேசிக்கொண்டே போனது. 

நோட்டில் நாற்பது நிமிடம் போட்டிருந்தேன். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நான் சுற்றிப் பார்த்து, குறிப்பெடுத்து, வாசலுக்கு வந்துவிட்டேன். சம்பந்தி மண்டியிட்ட இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு மணி நேரமாயிற்று. போய்த் தோளைத் தொட்டேன்.

“பஸ் போயிரும். நேரமாச்சு.”

“சாமி கும்புடுறதுக்கும் பெல் அடிப்பீங்களா டீச்சரம்மா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. இன்னொரு அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். பஸ் போய்விட்டிருந்தது.

நான் முறைப்பாக முன்னால் நடந்தேன்.  அடுத்து வந்த மினி பஸ் நாலு கிலோமீட்டர் ஓடிப் புகை விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி இன்ஜினைப் பார்த்து, டிரைவரைப் பார்த்து, வானத்தையும் பார்த்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நான் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சம்பந்திதான் ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டி, வைக்கோல் ஏற்றிய ஒரு லோடு வண்டியை நிறுத்தினார். “காப்புக் கட்டுன ஊருக்குப் போகணும் தம்பி, பொழுதுக்குள்ள” என்றார். அந்தப் பையன் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை வரை விரட்டினான். ஜோர்டானில் இப்படி ஒரு காரணம் சொல்லி வண்டியை நிறுத்த முடியுமா என்று தெரியவில்லை.

வண்டியில் நான் கேட்டேன். “நீங்க அன்னைக்கே போயிருக்கலாம். பூசாரி என்ன போலீஸா? எதுக்கு இருந்தீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்கு ஒங்க ஊர்ல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டாக்கூட, அந்த வேதக்காரி காப்ப மீறிப் போனாளேன்னு எம்மக தலையிலதான் வப்பாங்க. அவ ஒருநா இந்த ஊருக்கு வரணும்ல.”

மருமகள் எங்கள் ஊருக்கு வருவாள் என்பதை இரண்டு வருடத்தில் நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மகன் வருவான் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊருக்குள் நுழைந்தோம். பூசாரி கோயில் வாசலில் நின்று எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை கதிர் மறுபடி கூப்பிட்டான். “அம்மா, அத்தையோட பாஸ்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. நீங்க ரெண்டு பேரும் வாரீங்களா இல்லையான்னு ஞாயித்துக்கெழம நான் மேனேஜர்ட்ட சொல்லியாகணும். விட்டா இந்த வருசம் லீவு கெடைக்காது.” பாஸ்போர்ட் மணமேல்குடியில் பீரோவுக்குள் இருந்தது.

சம்பந்தி தனியாகப் போய் எடுத்து வருவதாகத்தான் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை. ‘நானும் வாரேன்’ என்று நானாகத்தான் கிளம்பினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. வைக்கோல் வண்டியில் அவர் சொன்னது முந்தின நாளிலிருந்து உள்ளே குடைந்துகொண்டிருந்தது. அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “சரிங்க டீச்சரம்மா” என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அறந்தாங்கி தாண்டியதும் பஸ் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. ரோட்டோரக் கருவேல நிழலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். என் பாட்டிலில் இருந்த தண்ணீரை, அழுதுகொண்டிருந்த ஒரு கைப்பிள்ளைக்குக் கொடுத்தது போக மீதியை நான் குடித்துத் தீர்த்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் போனில், “பஸ்ஸு நிக்கிது. நான் நிக்கிறேன். வெயிலு மட்டும்தான் போயிக்கிட்டு இருக்கு” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ஓட்டுக்கூரை, சிமென்ட் தரை, வாசலில் ஒரு பூவரச மரம். எதிர்ப்பக்கம் கோரைப்பாயில் கருவாடு காய்ந்தது. நான் நினைத்திருந்த நாற்றம் இல்லை. உப்புக்காற்றோடு சேர்ந்து அது வேறு மாதிரி இருந்தது. சம்பந்தி கதவைத் திறந்து உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து மரத்தடியில் போட்டார். முந்தானையால் துடைத்தார்.

“வெளிய காத்தோட்டமா இருங்க டீச்சரம்மா. அஞ்சு நிமிசத்துல எடுத்துட்டு வந்துர்றேன்.”

உட்கார்ந்தேன். அவர் உள்ளே போகாமல் விறுவிறுவென்று தெருமுனைக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தண்ணீர் பாட்டில். என் முன்னால் நீட்டினார்.

“கடைத் தண்ணிதான். சீலு ஒடைக்கல, பாருங்க.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. முகத்தில் கோபம் கிடையாது. வீட்டுக்கு வந்தவருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்கிற முகம்தான் இருந்தது. நாற்காலியை ஏன் வெளியே போட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவளும் நான்தானே. ஆறு நாளாக அவர் என் வீட்டுப் பானையைத் தொடாமல் தெருக்குழாய்க்கு நடந்ததும் புரிந்தது. சோறு போட்டால் தின்றார். பச்சைத்தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கவில்லை. ஒரு சொல்லைக்கூட மறக்காமல், ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.  பாட்டிலை வாங்கி நாற்காலியில் வைத்தேன். ஷூவைக் கழற்ற நாடா சிக்கிக்கொண்டது. குனிந்து அதோடு போராடிக்கொண்டிருந்தபோது, “என்ன டீச்சரம்மா?” என்று கேட்டார்.  ஒரு வழியாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறி உள்ளே போனேன்.

சுவரில் மாதா படம். அதற்குக் கீழே கதிரும் ஜெனிபரும் மாலையும் கழுத்துமாக நிற்கிற கல்யாணப் படம். அந்தப் படத்தை நான் பார்த்ததே கிடையாது. என் பிள்ளை வேட்டி கட்டியிருந்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுக்களையில் பிளாஸ்டிக் குடமும், மேலே கவிழ்த்த செம்பும் இருந்தன. மொண்டேன்.

“அது உப்பு டீச்சரம்மா” என்று வாசற்படியிலிருந்து சத்தம் வந்தது. “ஆறு நாளா நான் இங்க இல்லாம நல்ல தண்ணி பிடிக்க முடியல. அது கெணத்துத் தண்ணி. இருங்க, நான் வேற—”

அதற்குள் குடித்துவிட்டேன். உப்பென்றால் உப்பு, நாக்கெல்லாம் கரித்தது. செம்பு காலியாகிறவரை நிறுத்தவில்லை. துடைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கு நான் பேசுனது தப்பு” என்றேன். “ரொம்பத் தப்பு.”

முப்பத்தொரு வருடம் பேசிப் பேசித் தேய்ந்த தொண்டை. அந்த இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அவர் கண்ணைத் துடைத்தார் என்றெல்லாம் எழுத ஆசைதான், துடைக்கவில்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கிக் கழுவிக் குடத்தின் மேல் கவிழ்த்தார். “வயித்த வலிச்சா என்னையக் கேக்கக் கூடாது” என்றார்.

பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். கல்யாணப் படத்துக்குக் கீழே வைத்து அதைப் போட்டோ எடுத்துக் கதிருக்கு அனுப்பினேன். கீழே, ‘ரெண்டு பேரும் வாரோம்’ என்று எழுதினேன். அடுத்த நிமிடமே போன் அடித்தது. அவன் பேச ஆரம்பித்தான், குரல் உடைந்தது. “சாப்டியாம்மா?” என்று மட்டும் கேட்டான்.

“அத்தை வீட்டுல இருக்கேன். இனிமேத்தான் சாப்பிடணும்” என்றேன்.

நான் கட்டிக்கொண்டு போயிருந்த தயிர்சாதத்தை இரண்டு இலையில் போட்டு அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காப்பு வாரம் என்பதால் கருவாட்டுக்கு வாய்ப்பில்லை. திருவிழா முடிந்ததும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். “வாசம் பிடிக்காட்டி மூக்கப் பொத்திக்கிட்டுத் தின்னுங்க” என்றார். 

மூன்று மணி பஸ்ஸை ஓடிப் போய்ப் பிடித்தோம். அறந்தாங்கியில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவர். வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, “அந்த மதபாவு மீனு மாதிரி உப்பக் கண்டதும் நீங்க திரும்பிருவீங்கன்னுதான் நெனச்சேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தேன். மாற்றுச் சேலை இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது. நீல பாட்டிலைக் காணவில்லை.

“பாட்டில மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களே” என்றேன்.

“மறக்கல” என்றார்.

பொழுது விழுவதற்குள் ஊர் வந்து சேர்ந்தோம். கோயிலில் அன்றைக்குப் பூச்சொரிதல். ரோட்டில் எல்லாம் பூக்கூடை. பூசாரிக்கு எங்களைக் கவனிக்க நேரமில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு நான் நேரே அடுக்களைக்குப் போனேன், அரிசி களைய. சம்பந்தி கூடத்தில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று.

“மதினி” என்று கூப்பிட்டார். “குடிக்கத் தண்ணி குடுங்க.”

பானையிலிருந்து மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். மூன்றாவதை அவர் கேட்பதற்கு முன்னால் நானே மொண்டுவிட்டேன்.